வீதி வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே: மக்கள் பங்கேற்பு என்றால் என்ன?

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியில் தொடங்கி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று என்று நீளும் பிரதான வீதியில் எங்காவது ஒரு நில அளவையாளர் முக்காலியை ஊன்றினால் போதும், பொழுதுபடுவதற்குள் ஊருக்குள் இரண்டு கதை பரவிவிடும். ஒன்று, "வீதி அகலிக்கப் போறாங்க, மதில் எல்லாம் போகும்" என்பது. மற்றது, "எல்லாம் கொழும்பில முடிவாகிட்டு, நாம சொல்லி என்ன நடக்கும்" என்பது. சில மாதம் கழித்து ஒரு கூட்டம் நடக்கும். அதிகாரிகள் "மக்களிடம் கேட்டோம்" என்பார்கள். மக்கள் "எங்களிடம் எங்கே கேட்டார்கள்" என்பார்கள். இரு தரப்பும் பொய் சொல்வதில்லை. "கேட்பது" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது, அது எப்போது பலிக்கும், எங்கே பிசகும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

மேசனும் வீட்டுக்காரியும்

புதிதாக வீடு கட்டுகிறோம். அத்திவாரம் எவ்வளவு ஆழம், பீமுக்கு எத்தனை கம்பி என்பது மேசனுக்குத் தெரியும். மார்கழியில் வாடைக்காற்று எந்தப் பக்கம் சாரலை அடிக்கும், கிணற்றடியில் எந்த மாதம் தண்ணீர் ஏறும், மூட்டுவலிக்காரத் தாய் எத்தனை படி ஏறுவார் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். கம்பியின் கனத்தை வீட்டார் முடிவு செய்தால் வீடு இடியும். யன்னலின் திசையை மேசன் மட்டும் முடிவு செய்தால் மழைக்காலம் முழுக்க நிலம் நனையும்.

வீதித் திட்டமும் இப்படித்தான். பொறியியலாளரிடம் கணக்கு இருக்கிறது. அந்த வீதியில் அன்றாடம் நடப்பவர்களிடம் இடம் பற்றிய அறிவு இருக்கிறது. முடிவு இன்னும் மாற்றக்கூடியதாக இருக்கும்போதே அந்த இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்குப் பெயர்தான் மக்கள் பங்கேற்பு.

"மாற்றக்கூடியதாக இருக்கும்போதே" என்பதுதான் இதில் உயிர். அத்திவாரம் போட்ட பிறகு சமையலறையை எங்கே வைப்போம் என்று கேட்கும் மேசனிடம் யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள். வரைபடம் அச்சாகி, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தக்காரர் கல்லும் இறக்கிவிட்ட பிறகு நடக்கும் கூட்டம் அறிவித்தல் மட்டுமே. அறிவித்தலும் தேவைதான். அதைப் பங்கேற்பு என்று அழைப்பதில்தான் கசப்பு பிறக்கிறது.

எழுவான்கரை வீதி ஏன் இவ்வளவு சிக்கல்?

எழுவான்கரையின் நிலம் கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணல் திட்டு. பல ஊர்களில் அதன் முதுகெலும்பாக ஓடுவது இந்த ஒரே வீதி. இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாகக் கொழும்பை மட்டக்களப்போடு இணைக்கும் ஏ4 நெடுஞ்சாலையும் இதுதான்.

எனவே இந்த வீதி ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்க்கிறது. தூரப் பயண பஸ்ஸுக்கும் லொறிக்கும் இது நெடுஞ்சாலை. கடைக்காரருக்குச் சந்தை. பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பாதை. கோயில் ஊர்வலத்துக்கும் பெருநாள் தொழுகைக்குப் போகும் கூட்டத்துக்கும் முற்றம். முதல் வேலைக்கு வேகம் வேண்டும், மற்ற மூன்றுக்கும் வேகம் குறைய வேண்டும். வெளியூர் வாகனத்தைத் திருப்பிவிட மாற்று வீதி பல இடங்களில் இல்லை. அகலிக்கலாம் என்றால் இரு பக்கமும் கடையும் மதிலும் ஆலயமும் பள்ளிவாசலும் ஒட்டி நிற்கின்றன.

இப்படிப்பட்ட வீதியை "வாகனம் எத்தனை போகிறது" என்ற ஒரே எண்ணை வைத்துத் திட்டமிட்டால் முதல் வேலை மட்டும்தான் வரைபடத்தில் விழும். மற்ற மூன்றையும் அங்கே சேர்க்கக்கூடியவர்கள் ஊரவர்கள்.

யாருடைய வீதி, யாரிடம் பேசுவது?

பலருடைய முயற்சி இந்த இடத்திலேயே வீணாகிறது. பிரதேச சபைத் தவிசாளரிடம் ஆண்டுக்கணக்காகக் கேட்டும் நடக்கவில்லை என்பார்கள். அந்த வீதி அவருடைய கையிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரியவரும்.

'ஏ', 'பி' தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. 'சி', 'டி' தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஒழுங்கைகளும் உள்வீதிகளும் பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையினுடையவை. பிரதான வீதி முழுக்க ஒரு நிறுவனத்துக்குரியது என்றாலும், அதன் ஓரத்தில் நிற்கும் மின்கம்பம் மின் விநியோக நிறுவனத்துக்கும், நிலத்தடிக் குழாய் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும், குப்பையும் தெருவிளக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கும் போகும். பஸ் தரிப்பிடமும் கடவையும் பற்றிப் பேசப் போக்குவரத்துப் பொலிசாரும் வேண்டும். இத்தனை பேரும் ஒரே அறையில் இருக்கக்கூடிய இடங்கள் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும். ஆகவே கோரிக்கைக் கடிதத்தை வீதிக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு எழுதி, பிரதேச செயலாளருக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கும் பிரதி அனுப்புவது நல்லது.

திட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதிக் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு இன்னும் பயனுள்ளது, ஆனால் பலருக்குத் தெரியாது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம், வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே அதைப் பற்றிய தகவலை வெளிப்படுத்துவது பொறுப்பான அமைச்சரின் கடமை. வீதி வேலைகளில் பெரும்பாலானவை இந்தத் தொகைகளைத் தாண்டியவையே.

இதுவரை பார்த்தது: பங்கேற்பு என்பது முடிவு இறுகுமுன் இரு வகை அறிவும் சேர்வது. அது பலிக்க, வீதி யாருடையது, திட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற இரண்டும் முதலில் தெரிய வேண்டும்.

"பம்ப் போடுங்க" என்ற கோரிக்கை

பாடசாலைக்கு முன்னால் விபத்து நடந்தால் ஊர் ஒரே குரலில் கேட்பது "பம்ப்", அதாவது வேகத்தடை. பொறியியலாளர் மறுப்பார், ஊர் கொதிக்கும். இரு பக்கமும் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

மறுப்பதற்குக் காரணம் உண்டு. இதே வீதியில்தான் அம்புலன்ஸ் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஓடுகிறது. பாரம் ஏற்றிய லொறி தடையில் ஏறி இறங்கும்போது பக்கத்து வீட்டுச் சுவர் அதிரும். இரவில் தடையைக் காணாத மோட்டார் சைக்கிள்காரர் தூக்கி எறியப்படுவார். ஆனால் மறுத்துவிட்டு அப்படியே போய்விடுவது சரியல்ல. ஊர் கேட்டது தடை என்றாலும் ஊருக்கு வேண்டியது வேறு: பிள்ளை கடக்கும் இடத்தில் வாகனம் மெதுவாக வர வேண்டும். முதலாவதைக் கோரிக்கை என்றும் இரண்டாவதைத் தேவை என்றும் பிரித்துக்கொள்வோம். நல்ல பங்கேற்பு நடக்கும் இடத்தில் கோரிக்கை மறுக்கப்படலாம், தேவை மறுக்கப்படாது.

தேவையைத் தீர்க்கப் பல வழி உண்டு. கடவையைத் தட்டையான மேடைபோலச் சற்று உயர்த்தி, ஏறும் சரிவை நீளமாக்கலாம். கடவைக்குச் சற்று முன்னதாக ஓடுபாதையை ஒடுக்கிக் காட்டலாம், ஒடுங்கிய வீதியில் சாரதியின் கால் தானாகவே பிரேக்கைத் தேடும். வீதி நடுவில் அடைக்கலத் தீவு அமைக்கலாம். கடப்பவர் பாதியில் நின்று மூச்சு விட, நடுவீதியில் உயர்த்திக் கட்டிய சிறிய மேடையைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

அதன் பயனைக் கணக்கில் பாருங்கள். நான்கு தட வீதி சுமார் 14 மீற்றர் அகலம். கைத்தடியோடு நடக்கும் மூதாட்டி வினாடிக்கு 0.9 மீற்றர் நடந்தால் கடக்க 15 வினாடிக்கு மேல் ஆகும். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வான் அந்த நேரத்துக்குள் 200 மீற்றருக்கு மேல் வந்துவிடும். அதாவது அவர் காலெடுத்து வைக்கும்போது வெகு தூரத்தில் இருந்த வாகனம், அவர் மறுகரை சேருமுன் அவர்மேல் நிற்கும். நடுவில் தீவு இருந்தால் ஒரு தடவைக்கு 7 மீற்றர், 8 வினாடி, ஒரே திசையைப் பார்த்தால் போதும். தீவின் அகலம் 2 மீற்றராவது இருக்க வேண்டும். ஒரு சைக்கிளின் நீளமே 1.8 மீற்றர் அளவில் வரும். பிள்ளையைப் பின்னால் ஏற்றிய தாய் தீவில் நிற்கும்போது பின்சில்லு ஓடுபாதையில் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தீவால் பயனில்லை.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஆபத்தைக் கண்டு சாரதி பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி, காய்ந்த தார் வீதி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வாகனம் சுமார் 13 மீற்றரில் நிற்கும். 50 இல் 28 மீற்றர். 70 இல் 47 மீற்றர். நனைந்த வீதியில் இதைவிடக் கூடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதே இதன் அடிப்படை.

ஊரவர் கொண்டுவரவேண்டிய சாட்சி

"வாகனங்கள் பேய்த்தனமாக ஓடுகின்றன" என்று கூட்டத்தில் சொன்னால் அது குறிப்பேட்டில் ஒரு வரியாக முடியும். "பாடசாலை வாசலில் 100 வாகனத்தை அளந்தோம், 15 வாகனம் 62 கிலோமீற்றருக்கு மேல் வந்தது" என்றால் பொறியியலாளர் பேனாவை எடுப்பார். இந்த அளவீட்டுக்குக் கருவி தேவையில்லை.

வீதியோரத்தில் 100 மீற்றர் இடைவெளியில் இரண்டு அடையாளம் தெரிவு செய்யுங்கள், ஒரு மின்கம்பமும் ஒரு கடைப் பலகையும் போதும். இடைவெளியை அளவுநாடாவால் சரியாக அளந்துகொள்ளுங்கள். வாகனம் முதல் அடையாளத்தைத் தாண்டும்போது கைபேசியில் நிறுத்தற் கடிகாரத்தைத் தொடங்கி, இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 360 ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது வரும். 6 வினாடி என்றால் 60. 5 வினாடி என்றால் 72. இப்படி 100 வாகனம் எடுத்து, குறைந்த வேகத்திலிருந்து கூடிய வேகத்துக்கு வரிசைப்படுத்தினால் 85 ஆவது இடத்தில் நிற்கும் எண்ணுக்கு 85 ஆம் சதவீத வேகம் என்று பெயர். நூற்றுக்கு 85 வாகனங்கள் அந்த வேகத்திலோ அதற்குக் குறைவாகவோ ஓடுகின்றன என்பது பொருள். வீதி வடிவமைப்பவர்கள் பெரிதும் பயன்படுத்தும் எண் இது.

இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். கையில் கடதாசியோடு வீதி விளிம்பில் நின்றால் சாரதிகள் பொலிஸ் என்று நினைத்து மெதுவாக்குவார்கள், ஒரு கடைத் திண்ணையில் இருந்து அளக்க வேண்டும். மற்றது, நெரிசல் நேரத்தில் மட்டும் அளப்பது. நெரிசலில் எந்த வாகனமும் ஓடமுடியாது, வேகம் தெரிவது மத்தியான இடைவேளையிலும் இரவு எட்டு மணிக்குப் பிறகும்தான்.

எண்ணிக்கை எடுப்பதற்கு வேறு நேரம். பாடசாலை 7.30 க்குத் தொடங்கி 1.30 க்கு விடுவதால் காலை 6.45 முதல் 7.45 வரை, பகல் 1.15 முதல் 2.15 வரை, மாலை 5 முதல் 6.30 வரை என்று வைத்துக்கொள்ளலாம். பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பிரித்து, ஐந்தைந்து கோடாகக் கீறுங்கள். வாகனத்தோடு கடக்கும் ஆட்களையும் எண்ணுங்கள்: தனியாக வரும் பிள்ளை, பெரியவரோடு வரும் பிள்ளை, சைக்கிள், முதியவர், சக்கர நாற்காலி. வழக்கமான வாகன எண்ணிக்கையில் விடுபடுவது பெரும்பாலும் இவர்கள்தான். ஒரு வாரநாளும் ஒரு வெள்ளிக்கிழமையும் எடுக்க வேண்டும். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ வெள்ளி மத்தியானம் வேறு வீதி, நோன்பு மாத இரவு முற்றிலும் வேறு வீதி. நோன்புக் கால எண்ணிக்கையைத் தனித் தாளில் வைக்காமல் மற்றதோடு கலந்தால் இரண்டும் பயனற்றுப் போகும்.

தண்ணீர்: ஊரவர்களுக்கே தெரிந்த பாடம்

எழுவான்கரை வீதி வேலைகளில் மிகக் கசப்பான முறைப்பாடு வேகத்தைப் பற்றியது அல்ல. "வீதி போட்ட பிறகு வளவுக்குள்ள வெள்ளம்" என்பதே அது.

காரணம் எளியது. பழைய வீதியின் மேலேயே புதிய தளம் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் சில அங்குலம். இரண்டு மூன்று தடவை காப்பெட் (தார்க் கலவைத் தளம்) போட்டபின், முன்பு வாசற்படிக்குக் கீழே கிடந்த வீதி வாசற்படிக்கு மேலே நிற்கும். வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது வீதி அணைக்கட்டாகவும் வளவு குளமாகவும் மாறும்.

"வடிகான் கட்டினால் சரி" என்பதும் பாதி உண்மை. வடிகானில் தண்ணீர் ஓடச் சரிவு வேண்டும். 300 க்கு 1 என்ற மெல்லிய சரிவுக்கே 300 மீற்றர் நீள வடிகானின் கடைசி, தொடக்கத்தைவிட ஒரு மீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். தட்டையான மணல் திட்டில் அவ்வளவு ஆழம் தோண்டினால் மாரியில் நிலத்தடி நீரே ஊறிவரும், வாவியும் நிரம்பி நிற்கும். ஆகவே வடிகான் எவ்வளவு பெரியது என்பதைவிட, தண்ணீர் எங்கே வெளியேறும், எத்தனை இடத்தில் வெளியேறும் என்பதுதான் கேள்வி. குறுகிய தூரத்தில் பல வெளியேற்றம் இருந்தால் ஆழமும் குறையும். அந்த வழிகள் முன்பு எங்கே இருந்தன, எந்த ஒழுங்கையால் தண்ணீர் வாவிக்கு ஓடியது, எந்தத் தோணாவை (வெள்ளம் வடியும் இயற்கை ஓடையை) யார் நிரவினார்கள் என்பது கோடையில் எடுத்த அளவைப் படத்தில் இருக்காது. 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எந்தச் சுவரில் எந்த உயரத்துக்கு நின்றது என்று விரல் வைத்துக் காட்டக்கூடியவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள்.

அந்த அறிவை அளவாக்க மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். தெளிவான பிளாஸ்திக் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வீதியின் நடுக்கோட்டில் நிறுத்திய தடியோடும் மறுமுனையை வாசற்படியில் நிறுத்திய தடியோடும் பிடியுங்கள். இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரைவரை இரு இடத்திலும் அளந்து கழித்தால் வீதி எவ்வளவு உயரம் அல்லது பள்ளம் என்பது சென்ரிமீற்றரில் கிடைக்கும். வீதியில் நிற்கும்போது வாகனத்தை மறிக்க ஒருவர் வேண்டும், அதிகாலை நேரம் நல்லது. இருபது வீட்டுக்கு இப்படி எடுத்துப் பட்டியலிட்டுக் கொடுத்தால், "பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதியதைப் போடுங்கள்" என்ற கோரிக்கைக்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

இந்தக் கரைக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது மக்கள் கடற்கரையிலிருந்து ஒழுங்கைகளால் ஓடிவந்து பிரதான வீதியைக் கடந்தார்கள். நடுவீதியில் நீளத்துக்குத் தடுப்புக் கட்டும் எந்த வரைபடத்திலும், கூட்டமாக ஓடிவரும் ஒழுங்கைகளுக்கு நேரே திறப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாகன நெரிசலைக் கணக்கிடும் எந்தச் சூத்திரமும் இந்தக் கேள்வியைக் கேட்காது.

சுருக்கம்: உணர்வாகச் சொன்னால் அது முறைப்பாடு; இடம், நாள், நேரம், அளவு சேர்த்தால் சாட்சி. வேகம், ஆட்கள், தண்ணீர் மூன்றையும் ஊரவர்களே அளக்கலாம்.

வரைபடத்தை வீதியில் கீறுதல்

கூட்டத்தில் சுவரில் ஒளிரும் ஆங்கில வரைபடத்தைப் பார்த்து நூறு பேர் தலையாட்டுவார்கள், பத்துப் பேருக்குத்தான் விளங்கியிருக்கும். இதற்குப் பதில் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, 1:500 அளவில் அச்சிட்ட நீளப் படம். ஒரு கிலோமீற்றர் வீதி 2 மீற்றர் தாளில் வரும். அதில் கோயில், பள்ளிவாசல், பாடசாலை, சந்தி, பழைய ஆலமரம் எல்லாம் ஊர் வழங்கும் பெயரில், தமிழில் எழுதியிருக்க வேண்டும். மேசைக்கு எட்டுப் பத்துப் பேராக அமர்த்தி, ஆபத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், வெட்டக்கூடாத மரத்துக்குப் பச்சை என்று வில்லைகள் கொடுத்து ஒட்டச் சொன்னால், ஒலிவாங்கி முன் வாய் திறக்காதவர்களும் பேசிவிடுவார்கள்.

மற்றது இன்னும் வலுவானது. புதிய வீதி விளிம்பு எங்கே வருமோ அந்தக் கோட்டைச் சுண்ணாம்புத் தூளால் நிலத்திலேயே கீறிவிட்டு, எல்லோரும் சேர்ந்து நடப்பது. இதை மதிப்பாய்வு நடை என்பார்கள். கோடு ஒரு வீட்டு மதிலை ஒரு முழம் வெட்டிக்கொண்டு போகும், அடுத்த கடையின் தாழ்வாரத்துக்குள் நுழையும், பிறகு 1.8 மீற்றர் நடைபாதை என்று தாளில் இருந்த இடத்தின் நடுவே மின்கம்பம் நிற்கும், கம்பத்துக்கும் வடிகானுக்கும் இடையில் எஞ்சுவது இரண்டு சாண். சக்கர நாற்காலியில் வருபவர் அங்கே நின்றுவிடுவார். அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரே விடயம் தெரிந்துவிடும்: கம்பத்தை மாற்றும் செலவு மதிப்பீட்டில் இல்லை.

பஸ் தரிப்பிடத்தையும் இந்த நடையில்தான் பிடிக்க முடியும். கடவைக்கு முன்னால் பஸ் நின்றால் இறங்கியவர்கள் பஸ்ஸின் முன்பக்கத்தால் எட்டிப் பார்த்துக் கடப்பார்கள், முந்திவரும் மோட்டார் சைக்கிளுக்கு அவர்களைத் தெரியாது. கடவையைத் தாண்டி நின்றால் பஸ்ஸின் பின்பக்கத்தால் கடப்பார்கள், பார்வை திறந்திருக்கும். இருபது மீற்றர் முன்னே பின்னே நகர்த்துவதுதான் வித்தியாசம்.

யார் வரவில்லை?

வாரநாள் காலை பத்து மணிக்குப் பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்தால் வருபவர்கள் சங்கத் தலைவர்கள், ஓய்வுபெற்றவர்கள், வர்த்தகர்கள். அவர்கள் வரவேண்டியவர்களே. ஆனால் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிப் போகும் தாய்மார் அந்த நேரத்தில் சமையலில் இருப்பார்கள், மீனவர்கள் கடலால் வந்து உறங்குவார்கள், ஆட்டோக்காரர் ஓட்டத்தில் இருப்பார். அவர்களை அழைக்கவில்லை என்பதல்ல குறை, அவர்களால் வரமுடியாத நேரத்தில் அழைத்ததே குறை. தாய்மாரைப் பாடசாலை வாசலில் 1.15 க்குச் சந்திக்கலாம், மாதர் சங்கக் கூட்டத்துக்குப் படத்தைக் கொண்டுபோகலாம். மீனவர்களைக் கரையில் அவர்களின் வாடியில் (குடிலில்) பார்க்கலாம்.

இன்னொரு கூட்டம் எப்போதும் விடுபடும். குருக்கள்மடம், குருமண்வெளித் துறைகளால் வாவியைக் கடந்து, அதன் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் இதே வீதியில்தான் பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் வேறு கிராம சேவகர் பிரிவில் வாழ்வதால் அழைப்பு அவர்களுக்குப் போகாது. வீதியோரம் குடியிருப்பவர் யார் என்று மட்டும் கேட்கக்கூடாது. வீதியைப் பயன்படுத்துகிறவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

பங்கேற்பு வாக்கெடுப்பும் அல்ல. இருநூறு கடைக்காரர் நடைபாதையை வாகனத் தரிப்பிடமாக்கக் கேட்டு ஒப்பமிட்டாலும், அந்த நடைபாதை இல்லாமல் வீதியில் இறங்கி நடக்கும் ஆறு மாற்றுத்திறனாளிகளின் உயிர் எண்ணிக்கையால் தோற்கக்கூடாது. கடைக்காரரின் தேவை உண்மையானது, அதற்குப் பக்கத்து ஒழுங்கையிலோ குறித்த நேரத்திலோ இடம் தேட வேண்டும். கையெழுத்துப் பட்டியலின் நீளத்தைப் பார்த்து முடிவெடுக்கும் திட்டக்காரர் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்றே சொல்வேன்.

காணி போகும் என்றால்

வீதிக்கென்று ஏற்கெனவே ஒதுக்கிய நிலத்தை வீதி ஒதுக்கு என்பார்கள். தார் போட்ட பகுதி மட்டும் வீதியல்ல, இருபுறமும் சில மீற்றர் அதற்குள் அடங்கும். உங்கள் மதில் அதற்குள் நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்பதே முதற் கேள்வி.

தனியார் காணி தேவைப்பட்டால் 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டப்படிதான் எடுக்க முடியும். 2 ஆம் பிரிவு அறிவித்தல், பிரதேசத்தில் காணி தேவைப்படுகிறது, அளவையாளர் உள்ளே வரலாம் என்று சொல்வது. 4 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்கலாம், அதற்கு 14 நாட்களுக்குக் குறையாத அவகாசம் தரப்பட வேண்டும். 7 ஆம் பிரிவு நட்டஈட்டுக்கு உரிமை கோரும்படி அழைப்பது. அவசரம் என்று காட்டி 38 ஆம் பிரிவின் கீழ் முன்கூட்டியே உடைமை எடுக்கவும் சட்டத்தில் வழியுண்டு, அப்போதும் நட்டஈட்டு உரிமை அழியாது. சுனாமியிலும் போரிலும் காணி உறுதிப் பத்திரத்தை இழந்த குடும்பங்கள் அறிவித்தல் வரும்வரை காத்திராமல் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து வைப்பது நல்லது.

வாய்ச்சொல்லை நம்பி "அரை அடிதானே" என்று மதிலைத் தாங்களே இடித்துக் கொடுத்துவிட்டுப் பின்னர் எழுத்தில் எதுவும் இல்லாமல் நிற்கும் நிலையைத் தவிர்க்க வேண்டும். விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம் என்றாலும், எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், மதிலைத் திரும்பக் கட்டுவது யார் என்பதை எழுதி இரு பக்கமும் ஒப்பமிடுங்கள்.

கூட்டம் முடிந்த பிறகு

கூட்டம் நன்றாக நடந்ததா என்பதை அன்று தெரிந்துகொள்ள முடியாது. ஒரு மாதம் கழித்து வரும் தாளில்தான் தெரியும். அந்தத் தாளுக்கு மூன்று நிரல் போதும்: மக்கள் சொன்னது, எடுத்த முடிவு, காரணம். "கடவையைச் சந்தியிலிருந்து 30 மீற்றர் தள்ளக் கேட்டார்கள். ஏற்கப்படவில்லை. வளைவு காரணமாகப் பார்வைத் தூரம் போதாது." இப்படி எழுதினால் மறுப்பையும் ஊர் ஏற்கும். பார்வைத் தூரம் என்பது, சாரதி ஆபத்தைக் கண்டு நிறுத்துவதற்குத் தேவையான தூரம்வரை வீதி அவர் கண்ணுக்குத் திறந்திருப்பது. காரணம் எழுதப்படாத மறுப்புதான் வதந்தியாகும். கூட்ட அறிக்கை தமிழில், வில்லை ஒட்டிய படத்தின் ஒளிப்படத்தோடு, பிரதேச செயலக அறிவித்தற் பலகையிலும் சந்திக் கடையிலும் தொங்க வேண்டும்.

வேலை தொடங்கியதும் ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு தொடர்ந்து பார்க்க வேண்டும். வடிகான் மூடிகள் நடைபாதை மட்டத்தோடு சேர்கின்றனவா? ஒழுங்கை வாயில் சரிவு விட்டிருக்கிறார்களா, அல்லது சைக்கிள் ஏறமுடியாத படியாக நிற்கிறதா? நீர்க்குழாய் பதிக்காமல் காப்பெட் போட்டுவிட்டு, மறுமாதம் வெட்டப்போகிறார்களா? மூன்றாவதை ஊரவர்கள் முன்கூட்டியே கேட்டுத் தடுக்கலாம். நீர் வழங்கல் சபைக்கும் வீதி அதிகார சபைக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம் அனுப்பி, வேலை அட்டவணையைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னால் போதும்.

வீதியைக் கையளித்த பிறகும் பொதுவாக ஓராண்டு பிழை திருத்தப் பொறுப்புக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் வெளிப்படும் குறையை ஒப்பந்தக்காரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அதுவரை அவருடைய கொடுப்பனவில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்படும். ஓராண்டு என்றால் நமக்கு ஒரே ஒரு மாரி. அந்த மாரியில் கார்த்திகை முதல் தை வரை, மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் குழு வீதி நெடுக நடக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடியை நிறுத்தி ஆழத்தை அளந்து, பக்கத்துக் கம்ப இலக்கம் தெரியப் படம் எடுத்து, நாளும் நேரமும் எழுதி, அந்த வாரத்துக்குள்ளேயே பொறுப்பான பொறியியலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாற் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பொறுப்புக் காலம் முடிந்த மறுநாள் அனுப்பும் அதே படத்துக்கு, அதே பள்ளத்தைச் சீர்செய்ய, புதிய நிதி ஒதுக்கீடு தேட வேண்டிவரும்.